கூழ் வண்டி ப்ராஜெக்ட்: நாலு டிபார்ட்மெண்ட், நாலு வண்டி. யார் சொல்வதைக் கேட்பது?

சாமைச்சோறு கேட்டது:

வணக்கம். நான் தர்மபுரிக்காரி, பெங்களூரில் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் வேறு வேறு டிபார்ட்மெண்ட் பிள்ளைகளை ஒரே குழுவாகப் போட்டு, தெருவோர உணவு வண்டி ஒன்றைப் படமாக மட்டும் காட்டாமல் உண்மையிலேயே செய்து ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் ப்ராடக்ட். கூட கிராஃபிக் ஒருத்தன், இன்டீரியர் ஒருத்தி, டெக்ஸ்டைல் ஒருத்தி. யாருக்குச் செய்வது என்பது எங்கள் இஷ்டம் என்றதும் நான்தான் முந்திக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் கூழ் விற்கும் அக்காவைச் சொன்னேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவரிடம் சொம்பு சொம்பாகக் குடித்தவள் நான்.

அக்காவின் வேலை இப்படி. காலை பத்து மணிக்கு ராகிக் கூழ், தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாங்காய், சின்ன வெங்காயம். இரண்டு மணிக்குள் பானை காலியாகிவிடும். நாலு மணிக்கு அதே வண்டியில் அடுப்பைப் பற்றவைத்து மிளகாய் பஜ்ஜி, போண்டா. இரவு ஒன்பதுக்கு மூட்டை கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார். எல்லாம் தனி ஆளாக.

பிரச்சினை என்னவென்றால், நாலு பேரும் நாலு வண்டி வரைந்து வைத்திருக்கிறோம். இன்டீரியர்காரி ஆறு பேர் உட்கார மடக்கு பெஞ்சு, பக்கவாட்டில் ஷட்டர் போட்ட அலமாரி என்று ஒரு குட்டி ஓட்டலே போட்டுவிட்டாள். கிராஃபிக் பையனுக்கு ஐந்து அடிக்குப் பெயர்ப்பலகை, வண்டி முழுக்க ராகிக் கதிர் ஓவியம். டெக்ஸ்டைல்காரிக்கு அச்சுத்துணியில் கூரை, சுற்றிலும் தொங்கல். நான் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை, கை கழுவும் தொட்டி, தண்ணீர் டேங்க், ஆறு டிராயர், மேலே கீழே எல்லாம் எவர்சில்வர் என்று நானும் ஏற்றி வைத்திருக்கிறேன். நாலையும் ஒன்றாகச் சேர்த்தால் திருவிழா சப்பரம் மாதிரி இருக்கிறது.

ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் வெட்டுகிறோம். வாட்சப் குரூப்பில் மூன்று நாளாக ஒருவரும் பேசவில்லை. இதில் கூத்து என்னவென்றால் இன்டீரியர்காரிக்குக் கன்னடம்தான் தெரியும், அக்காவுக்கோ கன்னடம் நன்றாக வரும், இரண்டு பேரும் ஒரு பக்கம் கதை பேசிச் சிரிக்கிறார்கள், ஊர்க்காரி நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன்.

மார்க்கும் அவரவர் டிபார்ட்மெண்ட் ஆசிரியர்தான் தனித்தனியாகப் போடுவார். அதனால் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஒரு தலைவரைப் போட்டால் சரியாகுமா? இப்படிப்பட்ட குழுவில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் இரண்டு போய்விட்டது.

---

தகரப்பட்டறை:

ஏம்மா, தலைவர் எல்லாம் அப்புறம். நீங்கள் சொன்ன வண்டி எத்தனை கிலோ?

நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், தள்ளுவண்டி நிறையச் செய்திருக்கிறேன். வருகிற ஆள் எல்லாரும் நீளம் அகலம் சொல்வார்கள், எடை சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. நீங்கள் எழுதியதை வைத்து நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு இஞ்சு சதுரக் குழாய், 2 மில்லி கனம் என்றால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.4 கிலோ. உங்கள் சட்டத்துக்கு 30 மீட்டராவது வேண்டும், ஆக 43 கிலோ. எவர்சில்வர் தகடு 30. ப்ளைவுட் அலமாரியும் டிராயரும் 36. கூரை 22. மடக்கு பெஞ்சு 24. போர்டு 11. தொட்டி, டேங்க் 9. சக்கரம், அச்சு 20. கூட்டினால் 195. இது காலி வண்டி.

இதன் மேல் கூழும் பாத்திரமும் 50, இருபது லிட்டர் கேன் இரண்டு 40, கடை சிலிண்டர் (19 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்து) 35 சொச்சம், எண்ணெய் மாவு சாமான் 15. மொத்தம் 335 கிலோ. இருபது அடிக்கு ஒரு அடி ஏறுகிற சின்ன மேடு, கண்ணுக்கே தெரியாது, அதில் ஏற்ற மேட்டுக்கு மட்டுமே 17 கிலோ விசை போடவேண்டும். சக்கரம் உரசுவது, ஜல்லி, பள்ளம் எல்லாம் தனி. அந்த அம்மா ஒரே ஆள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அதனால் என் யோசனை இதுதான். மொத்த காலி வண்டிக்கு 120 கிலோ என்று ஒரு கோடு கிழியுங்கள். அதை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருத்தர் இரண்டு கிலோ கூட்டினால் இன்னொருத்தரிடம் கேட்டு வாங்கவேண்டும். சொத்துத் தகராறு மாதிரி கொஞ்சம் சத்தம் வரும், ஆனால் அழகா வேலையா என்று சண்டை போடுவதற்குப் பதில் கிலோவுக்குச் சண்டை போடுவீர்கள், அந்தச் சண்டைக்கு முடிவு உண்டு. பாகம் பாகமாகப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், வாய்க்கணக்கு வேண்டாம்.

இன்னொன்று. எவர்சில்வர் எல்லா இடத்துக்கும் எதற்கு? மோரும் மாங்காயும் உப்பும் படுகிற மேல்தகடு மட்டும் 304 ரக எவர்சில்வர் போடு. காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304 என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதே, 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் எழுதி வாங்கு.

அந்த அம்மா வீடு மேட்டிலா பள்ளத்திலா? அதைச் சொல் முதலில்.

---

சாமைச்சோறு:

அண்ணா, உண்மையைச் சொன்னால் ஒருத்தரும் கூட்டிப் பார்க்கவில்லை. 335 என்று படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. வீடு மேட்டில். காலையில் நிறை வண்டியோடு இறக்கம், இரவில் ஏற்றம்.

---

தகரப்பட்டறை:

அப்படியானால் தள்ளுவதைவிடப் பிடிப்பதுதான் பெரிய வேலை. நாலு படத்திலும் பிரேக் எங்கே?

---

புள்ளியெழுத்து:

கிராஃபிக் தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் பலகை எழுதுகிற குடும்பம், இப்போது கம்ப்யூட்டரில் அதே வேலை.

எழுத்து உயரத்துக்கு எங்களிடம் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு, பத்து அடித் தூரத்துக்கு ஒரு அங்குலம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர் 60 அடியில் இருக்கிறார் என்று வைத்தால் ஆறு அங்குல எழுத்து போதும். "கூழ்" என்று இரண்டே எழுத்து. இதற்கு ஐந்து அடிப் பலகை எதற்கு? இரண்டடியில் முடிந்துவிடும், பட்டறை அண்ணன் கணக்கில் ஆறு ஏழு கிலோ மிச்சம். "பஜ்ஜி"யைப் பின்பக்கம் எழுதி, நாலு மணிக்குப் பலகையைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். வண்டிக்கே இரண்டு வேலை இருக்கும்போது பலகைக்கும் இருக்கட்டுமே.

இப்போது டெக்ஸ்டைல் தங்கச்சியும் இதைப் படிக்கவேண்டும். நம் எழுத்துக்குப் புள்ளி தலைக்கு மேலே வரும். பலகையைக் கூரை விளிம்பை ஒட்டி மாட்டி, மேலிருந்து அரை அடித் தொங்கலை விட்டால் முதலில் மறைவது "ழ்" மேல் இருக்கிற புள்ளிதான். மழையில் நனைந்து தொங்கினால் "கூ" மட்டும்தான் மிஞ்சும், குயில் விற்கிறார்களா என்று கேட்பான். சிரிப்புக்குச் சொல்லவில்லை, ஒரு இளநீர் கடைக்கு இப்படி எழுதிக் கொடுத்து நானே திரும்பப் போய்க் கழற்றி மாட்டியிருக்கிறேன். தொங்கலின் நீளத்தை எழுத்துக்காரன் கேட்கவேண்டும், பலகையின் இடத்தைத் துணிக்காரி கேட்கவேண்டும். நீங்கள் மூன்று நாள் பேசாமல் இருந்தால் அங்கே ஒரு புள்ளி போயிற்று.

துணியின் நிறமும் உங்கள் தனிச்சொத்து இல்லை. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நின்று கூழைப் பார்த்திருக்கிறீர்களா? நடுப்பகல் வெயில் அந்த நீலத்தின் வழியாக இறங்கினால் ராகிக் கூழ் சிமெண்ட் பால் மாதிரி தெரியும். மாங்காய்த் துண்டு செத்துப்போகும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் போட்டால் கூழ் கூழாகத் தெரியும். அச்சுத்துணிதான் வேண்டும் என்றால் அக்காவின் ஏப்ரனில் போடுங்கள், அங்கே அது யார் சாப்பாட்டையும் கெடுக்காது.

---

கூழ்க்கடை மகன்:

நான் கிருஷ்ணகிரி பக்கம். எங்கள் அம்மாவுக்கும் சில வருடத்துக்கு முன்னால் ஒரு மாணவர் குழு வண்டி செய்து கொடுத்தது. எந்தக் காலேஜ் என்று சொல்லப்போவதில்லை, பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள்.

வண்டி அழகாக இருந்தது. திறப்பு விழா மாதிரி போட்டோ எல்லாம் எடுத்தார்கள். சக்கரம் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் இருக்குமே, அந்த மாதிரி சின்ன உருளைச் சக்கரம். வழுவழுத் தரையில் விரலால் தள்ளினால் ஓடும். எங்கள் தெரு ஜல்லியில் முதல் நாளே மாட்டிக்கொண்டது. அம்மா அதைத் தள்ளவில்லை, இழுத்தாள். பழைய வண்டியில் சைக்கிள் மாதிரி பெரிய சக்கரம், பஞ்சரானால் முக்குக் கடையில் ஒட்டிவிடலாம். இதற்கு உருளை உடைந்தபோது அந்த அளவு எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. தொட்டிக் குழாயின் வாஷர் போனது, அதுவும் ஏதோ விசேஷ அளவு. குரூப்பில் மெசேஜ் போட்டேன், எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள், வருத்தப்பட்டு ஸ்மைலி போட்டார்கள். ஆறு மாதத்தில் அம்மா பழைய வண்டிக்குத் திரும்பிவிட்டாள். புதியதில் இப்போது கோழி அடைகிறது. கோழிக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, டிராயர் ஒன்றுக்கு ஒரு கோழி.

கோபமாக எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது ஒரு நாள் முழுக்க, காலை இறக்கத்திலிருந்து இரவு ஏற்றம் வரை, அவரோடு கூடவே நடந்து வண்டியைத் தள்ளியிருக்கிறீர்களா? பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பதைச் சொல்லவில்லை. நாலு பேரும் ஒரே நாளில் போங்கள். தனித்தனியாகப் போனால் துணிக்காரிக்கு வெயில் தெரியும், எழுத்துக்காரனுக்குப் பலகை தெரியும், திரும்பி வந்து மறுபடி நாலு வண்டிதான் வரைவீர்கள்.

---

வெண்டிங் கமிட்டி:

சின்னக் குறுக்கீடு. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 படி விற்பனைச் சான்றிதழே நிலையாக நின்று விற்பவர், நடமாடி விற்பவர் என்று பிரித்துத்தான் தருகிறார்கள். அக்காவிடம் இருப்பது எது என்று பார்த்துவிட்டு வரையுங்கள். ஆறு பேர் உட்காரும் பெஞ்சை நடைபாதையில் விரித்தால் அடுத்த நாள் நகராட்சி ஆள் வந்து நிற்பார், திட்டு வாங்குவது நீங்கள் இல்லை. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, உங்கள் ஊர்க் குழுவில் இருக்கும் வியாபாரி யார் என்று அக்காவுக்கே தெரிந்திருக்கும், அவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வண்டியின் அளவைப் பற்றி நம்மைவிட அவருக்கு அனுபவம் அதிகம்.

---

ஜூரி பெஞ்சு:

மார்க் விஷயத்தை யாருமே தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, நான் பதினைந்து வருடம் இந்த மாதிரி வகுப்பு எடுத்தவன். நாலு ஆசிரியர் நாலு மார்க் போட்டால் நாலு வண்டிதான் வரும், இதில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. நாலு பேரும் சேர்ந்து போய் ஒரே நாளில் ஒரே ஜூரி (ஆசிரியர்கள் உட்கார்ந்து வேலையைப் பார்த்து மார்க் போடுவது) வையுங்கள் என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், தனித்தனி ஜூரியில் "நான் செய்தது இது" என்று காட்டாமல் "நான் குறைத்தது இது, அதனால் அவளுக்கு இது கிடைத்தது" என்று காட்டுங்கள். பலகையைச் சுருக்கி ஏழு கிலோ கொடுத்தேன், அந்த ஏழு கிலோதான் பிரேக் ஆயிற்று என்று ஒரு பையன் சொன்னால் நான் என்றால் முழு மார்க் போடுவேன்.

அப்புறம் உயரம். அக்காவின் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்தீர்களா? நின்று செய்யும் சாதாரண வேலைக்கு மேடை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. கூழ் ஊற்ற அது சரி. ஆனால் அதே மேடை மேல் அடுப்பு, அதன் மேல் எண்ணெய்ச்சட்டி வைத்தால் சட்டி விளிம்பு ஒரு அடி ஏறிவிடும், ஜல்லிக்கரண்டியைத் தோள் உயரத்தில் பிடித்து மூன்று நாலு மணி நேரம் நிற்கவேண்டும். காலை வண்டியும் சாயங்கால வண்டியும் ஒரே உயரம் இல்லை. இதை எப்படித் தீர்ப்பீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அட்டைப்பெட்டியில் நிஜ அளவுக்கு ஒரு வண்டி செய்து அக்காவை நிற்க வையுங்கள்.

---

சாமைச்சோறு (பன்னிரண்டு நாள் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நீளமாக எழுதப்போகிறேன், மன்னிக்கவும்.

முதலில் கூழ்க்கடை அண்ணன் சொன்னபடி நாலு பேரும் ஒரு முழு நாள் போனோம். காலை ஒன்பதரைக்கு இறக்கத்தில் வண்டியை அக்கா பின்பக்கமாகச் சாய்ந்து தன் உடம்பால் பிடித்துக்கொண்டே இறக்குகிறார். நடுவில் மூச்சு வாங்க நிற்கும்போது வண்டிக்கு அடியில் தொங்கும் சாக்கிலிருந்து இரண்டு கருங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். இந்தச் சாக்கை நாங்கள் எல்லாரும் போட்டோவில் பார்த்திருக்கிறோம். குப்பை என்று நினைத்து என் படத்தில் அழித்தே விட்டிருந்தேன். அவருடைய பிரேக்கைத்தான் நான் அழித்திருக்கிறேன். டெக்ஸ்டைல்காரி அன்று முழுவதும் கல்லைத் தூக்கிப் போட்டு எடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள், சாயங்காலம் அவளே "என் கூரையில் ஐந்து கிலோ குறைத்துக்கொள், பிரேக் போடு" என்றாள். தொங்கல் போய்விட்டது. அவள் இப்போது கழற்றி மாட்டும் வெளிர் மஞ்சள் கேன்வாஸ் ஒன்றும், கல்லுக்குப் பதில் வைக்கப்போகும் மரக்கட்டைக்கு ஒரு பையும் தைக்கிறாள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் கூரை கழற்ற வரவேண்டும் என்று அக்கா முதல் நாளே சொன்னாராம், கன்னடத்தில், இன்டீரியர்காரியிடம். அவள் எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால், நீங்கள்தான் பேசுவதை நிறுத்திவிட்டீர்களே என்றாள்.

கிலோ பங்கீடு பெரிய சண்டையாகத்தான் தொடங்கியது. பெஞ்சுக்கு ஒரு கிலோகூடக் கிடையாது என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னதும் இன்டீரியர்காரி எழுந்து போய்விட்டாள். ஆனால் அட்டை வண்டி செய்த அன்று அவள்தான் எங்கள் எல்லாரையும் காப்பாற்றினாள். அக்காவின் முழங்கை 38 அங்குலம். மேடையை 34-ல் வைத்தோம். கூழுக்குச் சரி. சட்டி வைத்ததும் ஜூரி ஐயா சொன்னதேதான், கை தோளுக்கு ஏறியது. நான் மேடையை மேலும் கீழும் நகர்த்த ஸ்க்ரூ, லீவர் என்று வரைய ஆரம்பித்தேன், ஒன்பது கிலோ. அவள் ஒரு பிளேடை எடுத்து அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அடுப்பு உட்காரும்படி பத்து அங்குலத்துக்குப் பள்ளம் இறக்கிவிட்டாள். சட்டி விளிம்பு சரியாக வந்தது. காலையில் அந்தப் பள்ளம் சும்மா இருக்குமே, மூடி போடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா கூழ்ப்பானையைத் தூக்கி அதற்குள் இறக்கி வைத்துவிட்டார். "இப்ப குனிஞ்சு எட்டி மொள்ள வேண்டியதில்ல கண்ணு, பானையும் ஆடாது" என்றார். நாங்கள் நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது வண்டி 127 கிலோ. பட்டறை அண்ணன் கோட்டைவிட ஏழு கிலோ அதிகம், அதில் பாதி என் டிராயர்தான், இன்னும் இரண்டை எடுத்துவிடுகிறேன். தொட்டியும் போயிற்று, கேனுக்கு ஒரு சாதாரணக் குழாய், எந்தக் கடையிலும் கிடைக்கும் வாஷர். பலகை "கூழ்" ஒரு பக்கம், "பஜ்ஜி" மறுபக்கம். கிராஃபிக் பையனுக்கு ராகிக் கதிர் ஓவியம் போனதில் இன்னும் வருத்தம், சில்லறை டப்பா மேல் சின்னதாக ஒன்று வரைய இடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரே ஜூரி கேட்டோம். மூன்று ஆசிரியர் சரி என்றார்கள், நாலாமவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சிலிண்டரை அந்தப் பள்ளத்துக்குக் கீழேயே அலமாரி மாதிரி மூடி வைத்துவிடலாமா? வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று ஒருத்தர் சொல்கிறோம். யார் என்று சொல்லமாட்டேன்.

---

தகரப்பட்டறை:

மூடாதே. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, அடியில் போய்த் தேங்கும். நீங்கள் அடுப்புக்கு வெட்டியதே ஒரு பள்ளம், அதற்குக் கீழே மூடின அலமாரி என்றால் கேஸுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. பள்ளத்தின் அடியில் தகடு வேண்டாம், நாலு கம்பி மட்டும் போட்டுத் திறந்து விடு, அடுப்பு அதன் மேல் உட்காரட்டும், பானையும் உட்காரும். சிலிண்டர் வண்டியின் கடைசி ஓரத்தில், வெளியே, நிமிர்ந்து நிற்கவேண்டும், ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ட்யூப், வால்வு அந்த அம்மா கை எட்டுகிற பக்கம். அசிங்கமாகத் தெரிகிறது என்ற ஆளைக் கேன்வாஸில் ஒரு பாவாடை தைக்கச் சொல், அடியில் ஒரு சாண் விட்டு.

கம்பி போட்டால் தகடு எடை போகும், ஒன்றரை கிலோ மிச்சம். அதை யார் எடுத்துக்கொள்வது என்று இங்கே வந்து சண்டை போடாதீர்கள்.